செனுஸ்ரெத் ஏன் தூங்கவில்லை?

பிரிட்டிஷ் மியூசியத்தின் எகிப்தியச் சிற்பக்கூடத்தில் கூட்டம் இரண்டு இடங்களில்தான் மொய்க்கும். ஒன்று ரொசெட்டா கல். மற்றது இரண்டாம் ராம்செஸின் பிரம்மாண்டமான தலை. மூன்றாம் செனுஸ்ரெத்தின் கருங்கல் சிலைகளைப் பெரும்பாலானோர் கடந்து போய்விடுகிறார்கள். நின்று பார்க்கிற சிலர் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறார்கள். 'அட பாவமே, இந்த மனுஷன் தூங்கி எத்தனை நாளாச்சு?' என்று கேட்கவைக்கிற முகம் அது.

இமைகள் கனத்துத் தாழ்ந்திருக்கின்றன. கண்ணுக்குக் கீழே பை விழுந்திருக்கிறது. மூக்கின் இருபக்கமிருந்தும் இரண்டு கோடுகள் வாயோரத்தை நோக்கி இறங்குகின்றன. உதட்டின் முனைகள் கீழே இழுபட்டு, கன்னத்துச் சதை வற்றி, எலும்பு லேசாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் தலைத்துணி முன்னுக்குத் தள்ளிவிட்ட மாதிரி விறைத்து நிற்கும் காதுகள். அவ்வளவு பெரிய காதுகள் எந்த முகத்திலும் பொருந்தாது. இந்த முகத்திலும் பொருந்தவில்லை.

கழுத்துக்குக் கீழே வந்தால் வேறு ஆள். அகன்ற தோள், தட்டையான வயிறு, இறுகிய மார்பு. இருபத்தைந்து வயது விளையாட்டு வீரனின் உடம்பு. அந்த உடம்பின் மேல் ஐம்பது வயதுக் களைப்பை யாரோ கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். இந்த ஒட்டாத இணைப்பைத்தான் நாம் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. முகத்தை மட்டும் பார்த்து உருகுவது சுலபம்.

அடிப்படைத் தகவல்களைச் சொல்லிவிடுகிறேன். எகிப்தின் பன்னிரண்டாம் அரச வம்சத்தைச் சேர்ந்தவர் மூன்றாம் செனுஸ்ரெத். கி.மு. 19ஆம் நூற்றாண்டு. 1905இல் எதுவார் நவீல் தலைமையிலான அகழாய்வில் இந்தச் சிலைகள் தேர் எல்-பஹ்ரியில் கிடைத்தன. செனுஸ்ரெத்துக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் உடைந்து கிடந்த எகிப்தை ஒன்றாக்கியவர் இரண்டாம் மெந்துஹொதெப். அவருடைய கோயிலில் இவை நிறுத்தப்பட்டிருந்தன. மூன்று இப்போது லண்டனில் இருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே உடைந்துபோய், மிஞ்சியிருப்பது 120 சென்டிமீட்டர் சொச்சம். கைகள் இரண்டும் விரிந்து, அரையாடையின் முன்பக்கத்தில் படிந்திருக்கின்றன. ஒருவர் முன்னால் பணிந்து நிற்கும் நிலை. இந்தக் கைகளைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

*

இந்த முகத்துக்கு ஒரு பிரபலமான வாசிப்பு உண்டு. வழிகாட்டி நூல்களிலும் இன்ஸ்டா பதிவுகளிலும் அதுதான் திரும்பத் திரும்ப வரும். பிரமிடு காலத்து அரசர்கள் தெய்வங்கள். அவர்கள் முகத்தில் ஒரு சலனமும் கிடையாது. கெய்ரோவில் இருக்கும் காஃப்ரேயின் சிலையைப் பாருங்கள். தலைக்குப் பின்னால் பருந்து சிறகு விரித்து அணைத்திருக்க, காலமே தொடாத மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பிறகு அந்த அரசு சிதறியது, பஞ்சமும் குழப்பமும் வந்தன. மீண்டும் எழுந்த அரசர்களுக்குத் தாங்களும் மனிதர்கள்தான் என்று தெரிந்துவிட்டது. எனவே செனுஸ்ரெத்தின் முகத்தில் நாம் காண்பது பொறுப்பின் பாரம், தனிமை, கவலை. உலகக் கலையில் முதன்முதலாக ஓர் அகம் கல்லில் வெளிப்பட்ட தருணம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நவீன நாவல் படித்துப் பழகிய கண்ணுக்கு இதைவிடப் பிடித்த கதை இருக்க முடியாது. நமக்கு எந்த முகத்தைக் கண்டாலும் உள்ளே ஒருவன் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் அது 'ஆழமான' முகம். அதிகாரத்தில் இருப்பவன் என்றால் இன்னும் விசேஷம். அவனுடைய துயரத்தை நாம் மட்டும் கண்டுபிடித்துவிட்ட ஒரு நெருக்கம் கிடைக்கிறது. இந்த நெருக்கத்தைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

முதலில் கல்லைப் பார்க்கலாம். இது கிரானோடயோரைட். அந்தக் காலத்துச் செப்பு உளி இதில் ஏறாது. இன்னும் கடினமான கல் உருண்டைகளால் இடித்து இடித்துப் பொடியாக்கி, பிறகு மணல் போட்டுத் தேய்த்துத்தான் உருவம் கொண்டுவர வேண்டும். களிமண்ணில் விரல் தவறிப் பள்ளம் விழலாம். இந்தக் கல்லில் அப்படி எதுவும் 'விழாது'. கண்ணுக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன மடிப்பு பல நாள் வேலை. மன்னர் அன்றைக்குச் சோர்ந்திருந்தார், கலைஞன் உண்மையைப் பதிவு செய்துவிட்டான் என்பதற்கு இங்கே இடமே இல்லை. அந்தச் சோர்வை யாரோ கேட்டு வாங்கியிருக்கிறார்கள், ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள், அதன்பிறகு ஊர் ஊராக அதே சோர்வைச் செய்திருக்கிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் பதினாறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயரமுள்ள சிவப்புக் குவார்ட்சைட் முகத்துண்டு ஒன்று இருக்கிறது. கன்சாஸ் நகரில் ஒரு தலை, லக்ஸரில் ஒரு தலை. கல் வேறு, பட்டறை வேறு, களைப்பு ஒன்றே.

வயதாக வயதாக முகம் மாறியதைத்தான் வரிசையாகப் பதிந்தார்கள் என்று வாதிடலாம். ஆனால் மேதாமூத் கோயிலில் கிடைத்த செனுஸ்ரெத் சிலைகளில் இளமை முகமும் முதிர்ந்த முகமும் ஒரே இடத்துக்காகச் செய்யப்பட்டவை. இன்னொன்றும் உண்டு. இந்த முகம் கொஞ்ச காலத்திலேயே நாகரிகமாகிவிட்டது. அந்தக் காலத்து அதிகாரிகள் தங்களுக்குச் செய்துகொண்ட சிலைகளில் அதே கனத்த இமை, அதே வாயோரக் கோடு. ராஜாவுக்குத் தூக்கமில்லை என்றால் கணக்கப்பிள்ளைக்கும் தூக்கமில்லை! என் தொழிலில் இதை நான் தினமும் பார்க்கிறேன். இரவு இரண்டு மணிக்கு மெயில் அனுப்பும் மேலாளரின் கீழே வேலை செய்கிறவர்களுக்கு ஆறே மாதத்தில் அதே நேரத்தில் பதில் போடும் பழக்கம் வந்துவிடும். கருவளையம் ஒரு தகுதி.

*

அப்படியானால் அந்தக் களைப்புக்கு என்ன பொருள்? இதற்குச் சிலையைத் தாண்டிப் போக வேண்டும். நல்லவேளையாக, இந்த அரசர் விஷயத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சில எழுத்துகள் கிடைத்திருக்கின்றன.

ஒன்று, லாஹூன் என்ற ஊரில் பெட்ரி கண்டெடுத்த பாப்பிரஸ் தாள்களில் இருக்கும் துதிப்பாடல்கள். செனுஸ்ரெத்தையே பாடுபவை. அவற்றில் அவர் எல்லைக்காகப் போராடும் இளைஞனாக வருகிறார். தன் குடிகளைக் களைப்படைய விடாமல், ஊரை விடியும்வரை தூங்கவிடுகிறவராக வருகிறார். அதாவது நாம் ஒட்டவில்லை என்று நினைத்த இரண்டும், இளைஞனின் உடம்பும் தூங்காதவனின் முகமும், இந்தப் பாடலில் ஏற்கெனவே ஒன்றாக இருக்கின்றன. ஊர் தூங்குவதற்காக அவர் விழித்திருக்கிறார். ஊரின் களைப்பெல்லாம் அவர் முகத்துக்குப் போய்விட்டது. இது ஒரு தனிமனிதனின் மனநிலைக் குறிப்பு அல்ல, அரசவை ஒப்புக்கொண்ட படிமம்.

இரண்டாவது எழுத்து எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. நைல் நதி பாறைகளுக்கிடையே நெருக்கிப் பாயும் இடங்கள் சில உண்டு. தெற்கே போகும் படகுகளுக்கு இவை தடைகள். முதலாவது தடை அஸ்வானில். அங்கே 150 முழ நீளம், 20 முழ அகலம், 15 முழ ஆழத்துக்குச் செனுஸ்ரெத் ஒரு கால்வாயைச் சீராக்கினார் என்று செஹெல் தீவுக் கல்வெட்டு சொல்கிறது. படைகளின் படகுகள் நூபியாவுக்குப் போவதற்கு. இரண்டாவது தடைப் பகுதியில், இன்றைய சூடானின் வடகோடியில், வரிசையாகக் கோட்டைகள் எழுந்தன. அவற்றில் தெற்கு முனையில் இருந்தது செம்னா. ஆட்சியின் 8ஆம் ஆண்டில் அங்கே ஓர் எல்லைக்கல் நட்டார். நூபியர் எவரும் நதி வழியாகவோ நிலம் வழியாகவோ, படகோடோ மந்தையோடோ இதைத் தாண்டி வரக்கூடாது. வடக்கே இகென் என்ற சந்தைக்கு வணிகம் செய்ய வருகிறவர்களுக்கும் தூதர்களுக்கும் மட்டும் விலக்கு.

16ஆம் ஆண்டில் இன்னொரு கல். இது இப்போது பெர்லினில் இருக்கிறது. மெய்க்கீர்த்தி படித்துப் பழகியவர்களுக்கு இதன் தொனி உடனே பிடிபடும். எதிரிகளின் பெண்களைக் கவர்ந்ததையும், மக்களைப் பிடித்துக்கொண்டு போனதையும், கிணறுகள்வரை போய் மாடுகளைக் கொன்றதையும், பயிரைப் பிடுங்கித் தீ வைத்ததையும் அரசர் தன் வாயாலேயே பெருமையாகப் பட்டியலிடுகிறார். இந்த எல்லையைக் காப்பவனே என் மகன், விட்டுக்கொடுப்பவன் எனக்குப் பிறக்கவே இல்லை என்ற பொருளில் வாரிசுகளை எச்சரிக்கிறார். அதற்குப் பிறகு வருவதுதான் நமக்கு வேண்டிய விஷயம். இந்த எல்லையில் என்னுடைய உருவச்சிலை ஒன்றைச் செய்து வைத்திருக்கிறேன், நீங்கள் இதில் நிலைத்து நிற்கவும் இதற்காகப் போரிடவும்தான் அது என்கிறார்.

ஓர் அரசர் தன் சிலை எதற்கு என்று தானே சொல்லும் இடம் இது. கலை வரலாற்றில் இப்படிப்பட்ட அதிர்ஷ்டம் எத்தனை முறை வாய்க்கும்? நாம் 'சோகம்' என்று படிக்கும் முகத்தின் சொந்தக்காரர், பயிருக்குத் தீ வைத்த கணக்குக்குக் கீழேயே, அந்த முகத்தைக் காவலுக்கு நிறுத்துகிறார். பெல்ஜியக் கலை வரலாற்றாளர் ரோலான் தெஃப்னின் இந்தச் சிலைகளைப் பற்றிய தன் கட்டுரைக்கு 'அரசனின் கண்களும் காதுகளும்' என்று பெயர் வைத்தார். அந்தக் கோணம் எனக்கு ஏற்புடையது. மூடாத கண், எல்லாம் கேட்கும் காது. கண்பை, வாயோரக் கோடு எல்லாம் அந்தக் கண் எத்தனை நேரமாக விழித்திருக்கிறது என்பதற்கான சாட்சிகள்.

*

விழித்திருந்தது யார் என்றும் கேட்க வேண்டுமில்லையா?

தீப்ஸில், பிற்காலத்து ராமெஸ்ஸியம் கோயிலுக்கு அடியில் இருந்த ஒரு பழைய கல்லறையில் ஒரு பாப்பிரஸ் சுருள் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது. செம்னா கடிதங்கள் என்று பெயர். செனுஸ்ரெத்தின் மகன் மூன்றாம் அமெனெம்ஹெத்தின் 3ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. எல்லைக் கோட்டைகளிலிருந்து போன அறிக்கைகளின் நகல்கள். கலை நுணுக்கமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். சர்வர் லாக் படிக்கிற மாதிரி இருக்கும். இன்ன நாளில் இத்தனை நூபியர் வணிகத்துக்கு வந்தார்கள், கொண்டுவந்ததை விற்றார்கள், ரொட்டியும் பீரும் கொடுத்தோம், தெற்கே திரும்பிப் போனார்கள். ரோந்து போனவர்கள் 32 ஆட்களும் 3 கழுதைகளும் நடந்துபோன தடத்தைப் பார்த்தார்கள். அரசருடைய காரியங்களெல்லாம் நலமாகவும் பத்திரமாகவும் இருக்கின்றன என்ற வரி அலுக்காமல் வந்துகொண்டே இருக்கும். தினமும் காலையில் 'ஆல் கிரீன்' என்று ஸ்டேட்டஸ் மெயில் போடுகிற யாருக்கும் இந்த வரியின் சுருதி புரியும்.

பாலை மணலில் 32 பேரின் காலடியை எண்ணி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குனிந்தபடி, வெயிலில், கலைந்த தடத்தைப் பிரித்துப் பிரித்து. கண் எரிந்திருக்கும். ராஜாவின் முகத்தில் இருக்கும் கண்பை இந்த ரோந்துக்காரனுடையது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சுருளில் அஸ்வானுக்கு எதிரிலுள்ள எலிஃபண்டைன் கோட்டையிலிருந்து வந்த ஒரு குறிப்பும் உண்டு. பாலையிலிருந்து மெஜாய் இனத்து ஆண்களும் பெண்களுமாக ஒரு சிறு கூட்டம் இறங்கி வந்தது. அரண்மனைக்கு ஊழியம் செய்ய வந்திருக்கிறோம் என்றார்கள். பாலையில் என்ன நிலவரம் என்று அதிகாரி விசாரித்தார். வேறு சேதி எதுவும் கேள்விப்படவில்லை, பாலை பசியில் செத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். அன்றைக்கே அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாக அதிகாரி எழுதுகிறார். வழக்கமான வாய்பாட்டோடு கடிதம் மேலே போகிறது.

மூன்றாம் செனுஸ்ரெத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் குறிப்பையும் சிலையையும் அடுத்தடுத்து வைப்பது அரிது. ஒன்று கலை, மற்றது நிர்வாக ஆவணம் என்று துறை பிரிந்துவிடுகிறது. அடுத்தடுத்து வைத்தால் முகம் வேறு மாதிரித் தெரிகிறது. அந்தப் பெரிய காதுகளுக்குப் பசி கேட்டது. ஒழுங்காகப் பதிவும் ஆனது. கேட்காமல் இருந்ததாக யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அந்த அரசு வேறுவகை உருவங்களையும் செய்தது. இகென் சந்தை இருந்த இடம் மிர்கிஸ்ஸா. 1960களில் ஜான் வெர்கூத்தரின் அகழாய்வில் அங்கே, கோட்டைக்கு அருகே, சாபச் சடங்கு நடந்த இடம் ஒன்று வெளிப்பட்டது. எதிரிகளின் பெயர்களை எழுதி உடைத்த செம்மண் பானைகள். கைகள் பின்னால் கட்டப்பட்ட, சுண்ணாம்புக்கல்லில் செய்த கைதி உருவங்கள். அருகில் தலை துண்டிக்கப்பட்ட ஒரு மனித உடல். அந்தக் கைதி உருவங்களின் முகத்தில் வாழ்ந்த தடம் என்று எதுவும் இல்லை. சுருக்கம் விழுகிற அளவுக்கு ஒருவனை உற்றுப் பார்க்கும் சலுகை ஒரே ஓர் ஆளுக்குத்தான் கிடைத்தது.

*

இவ்வளவும் சொன்னபிறகு, 'அப்ப இது வெறும் பிரச்சாரம்' என்று முடித்துவிடலாம். இளம் வாசகர்கள் மத்தியில் இப்போது செல்லுபடியாகும் நாணயமும் அதுதான். எனக்கு அதுவும் சோம்பேறித்தனமாகப் படுகிறது. பிரச்சாரம் என்றால் பார்க்க ஆள் வேண்டும். தேர் எல்-பஹ்ரிக் கோயிலுக்குள் உழவனும் நெசவாளியும் போய் ராஜா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அங்கே பூசாரிகள் இருந்தார்கள், சில உயரதிகாரிகள் வந்துபோனார்கள். முக்கியமாக, அந்த முகம் திரும்பியிருந்தது தெய்வமாகிவிட்ட மூதாதையான மெந்துஹொதெப்பையும் கடவுளரையும் நோக்கி.

இங்கேதான் அந்தக் கைகள். அரையாடையின் மேல் விரித்து வைத்த உள்ளங்கைகள். செம்னாவில் இருக்கும் அதிகாரி தீப்ஸுக்கு எழுதுகிறார்: எல்லாம் பத்திரம். செனுஸ்ரெத் தன் மூதாதை முன்னால் கை பணிய நிற்கிறார்: எல்லாம் பத்திரம். அதே கடிதம், மேலே ஒரு படி ஏறியிருக்கிறது. அவருக்கும் மேலே ஓர் இன்பாக்ஸ் இருக்கிறது. நீங்கள் ஒன்றாக்கிக் கொடுத்த நாடு கலையவில்லை, எல்லை தெற்கே நகர்ந்திருக்கிறது, நான் தூங்கவில்லை. அந்தச் சோர்வு மக்களிடம் இரக்கம் கேட்கவில்லை, மேலிடத்தில் கணக்கு ஒப்புவிக்கிறது. காஃப்ரேயின் சிலைக்கு இந்தத் தேவை இல்லை. அவர் யாருக்கும் அறிக்கை தர வேண்டியவராகச் செதுக்கப்படவில்லை. இரண்டு சிலைகளுக்கும் நடுவே மாறியது இதுதான் என்று நினைக்கிறேன். 'அரசன் மனிதனானான்' என்று சொல்வதைவிட, அரசன் பதில் சொல்ல வேண்டியவனானான் என்பது பொருத்தமாக இருக்கும். யாருக்குப் பதில் என்ற கேள்வியில் பாலையில் பசித்திருந்தவர்கள் வரவே இல்லை.

அப்படியிருந்தும் அந்த முகம் நம்மை நிறுத்துகிறதே, ஏன்? இதற்குச் சிற்பிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். உத்தரவு 'களைப்பாகச் செய்' என்று வந்திருக்கலாம். உத்தரவில் இமை எந்தக் கோணத்தில் தாழ வேண்டும் என்று இருந்திருக்காது. கண்பைக்கும் கன்னத்துக்கும் நடுவில் தோல் எப்படி மெலிகிறது, உதட்டோரச் சதை இறங்கும்போது தாடை எப்படி இறுகுகிறது என்பதெல்லாம் பார்த்துத் தெரிந்துகொள்வது. மெட்ரோபாலிட்டனில் செனுஸ்ரெத்தின் ஸ்ஃபிங்ஸ் ஒன்று இருக்கிறது, முக்கால் மீட்டர் நீளம்தான். அதன் கல் நைஸ் வகை, ஒளி பட்டால் வரிவரியாக ஓடும். சிங்க உடலின் விலா எலும்பை அந்த வரிகள் தழுவிப் போகும்படி கல்லைத் திருப்பி வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல் கிடைத்த கெபெல் எல்-அஸ்ர் குவாரி நூபியப் பாலைக்குள் இருக்கிறது. நைல் கரையிலிருந்து பல நாள் நடை. அங்கிருந்து பாறையை இழுத்து வந்தவர்களின் முகங்கள் பட்டறைக்குத் தெரிந்த முகங்கள்தான். களைப்புக்கு மாதிரி தேடிச் சிற்பி அரண்மனைக்குப் போயிருக்கத் தேவையில்லை.

நான் லண்டனில் பார்த்தபோது அதிக நேரம் பார்த்தது கண்களைத்தான். அவை நம்மைப் பார்ப்பதில்லை. நம் தோளுக்கு மேலே எங்கோ இருக்கும் ஒருவரைப் பார்க்கின்றன.

*

எல்லைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். செனுஸ்ரெத் நூபியாவில் தெய்வமாகிவிட்டார். நானூறு ஆண்டுகள் கழித்து மூன்றாம் துத்மோஸ் செம்னாவில் அவருக்கும் நூபியக் கடவுளான தெத்வெனுக்கும் சேர்த்து ஒரு கற்கோயில் கட்டினார். 1960களில் அஸ்வான் பேரணைக்காக அந்தப் பள்ளத்தாக்கே தண்ணீருக்குள் போனபோது, கோயிலைக் கல் கல்லாகப் பிரித்துக் கார்ட்டூமுக்குக் கொண்டுபோய்த் தேசிய அருங்காட்சியகத் தோட்டத்தில் திரும்ப நிறுத்தினார்கள். 2023இல் தொடங்கிய போரில் அந்த அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. செம்னா, மிர்கிஸ்ஸா, பூஹென் கோட்டைகள் ஏரிக்கு அடியில்.

துத்மோஸ் கோயில் கட்டியதுகூட ஆச்சரியமில்லை, அவரும் எகிப்தியர், அவரும் நூபியாவைப் பிடித்தவர். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் காற்று திரும்பியிருந்தது. தெற்கிலிருந்து, எந்த நாட்டு மக்கள் தாண்டி வரக்கூடாது என்று கல் நட்டிருந்தார்களோ அந்தக் குஷ் நாட்டிலிருந்து, அரசர்கள் வந்து எகிப்து முழுவதையும் ஆண்டார்கள். அவர்களில் ஒருவர் தஹர்கா. அவரும் செம்னாவில் ஒரு கோயில் கட்டினார், பச்சைச் செங்கல்லில். தெய்வத்தின் படகை இறக்கி வைக்க அதில் ஒரு கருங்கல் பீடம். பீடத்தில் செனுஸ்ரெத்தின் பெயர்.